செப்பாங் ரேஸ் தடத்திலும் ஓட்டணும், திங்கட்கிழமை வேலைக்கும் போகணும்: அலைன்மென்ட்டில் நாம் செய்யும் தவறுகள்

நின்று பார்த்தால் என் காரின் முன் டயர் இரண்டும் புதுசு மாதிரி இருந்தன. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துவிட்டுக் குனிந்து பார்த்தபோதுதான் உள்விளிம்பில் கம்பி தெரிந்தது. டயர் மாட்டி நான்கே மாதம். பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: "கேம்பரை அதிகமா வச்சிட்டீங்க." கேம்பர் மைனஸ் 2 டிகிரிதான். டயரைத் தின்றது டோ.

சக்கரங்கள் நிற்கும் கோணங்களைச் சரிசெய்வதுதான் அலைன்மென்ட். சக்கரத்தின் தலை உள்பக்கம் சாய்ந்திருந்தால் அது மைனஸ் கேம்பர். சக்கரத்தின் மூக்கு உள்ளே திரும்பியிருந்தால் டோ-இன், வெளியே என்றால் டோ-அவுட். ஒரு சக்கரத்தில் டோ கால் டிகிரி தப்பினால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்த டயர் நான்கு மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் இழுபடுகிறது. வாரம் முழுக்க நெடுஞ்சாலையில் ஓடும் காருக்கு இது என்ன செய்யும் என்று கணக்குப் போட வேண்டியதில்லை. கேம்பர் கொஞ்சம் கூடினாலும் டோ சுழியமாக இருந்தால் தேய்மானம் தாங்கக்கூடிய அளவில்தான் இருக்கும்.

ரேஸ் ஓட்டுபவர்கள் முன்பக்கம் கொஞ்சம் டோ-அவுட் வைப்பது உண்மை. வளைவுக்குள் திருப்பியதும் கார் சட்டென்று மூக்கை நுழைக்கும். அதைப் பார்த்து நாமும் வைத்துவிட்டு, மழையில் ஈரமான நெடுஞ்சாலையில் 110 கி.மீ. வேகத்தில் போகும்போது ஸ்டியரிங் இங்கும் அங்கும் அலைகிறது என்று புலம்புகிறோம். இரண்டு வேலைக்கும் ஒரே கார் என்றால் முன்பக்க டோவைச் சுழியத்தில் விடுங்கள். பின்பக்கம் கொஞ்சம் டோ-இன் இருக்கட்டும். பின்பக்க டோ-அவுட் மட்டும் வேண்டவே வேண்டாம். செப்பாங்கின் வேகமான 5-ஆம் வளைவில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து பயந்து காலை எடுத்தால், வால் முன்னால் வந்துவிடும்.

எனக்கு அந்த டோ எப்படி வந்தது என்பதுதான் வேடிக்கை. நான் தாளில் 0.10 டிகிரி என்று எழுதிக் கொடுத்தேன். பட்டறை மெஷின் டிகிரி, மினிட் கணக்கில் ஓடுகிறது; ஒரு டிகிரிக்கு 60 மினிட். 0°10' என்றால் 0.17 டிகிரி. போதாக்குறைக்கு, நான் சொன்னது இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து; அவர்கள் வைத்தது ஒவ்வொன்றுக்கும். கேட்டது மொத்தம் 0.10, கிடைத்தது 20 மினிட், அதாவது 0.33. எழுதிக் கொடுக்கும்போது அலகையும், மொத்தமா தனித்தனியா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

"அண்ணே, எல்லாம் பச்சை காட்டுதே, அப்புறம் என்ன?" என்பார்கள். தொழிற்சாலை கொடுத்த எல்லைக்குள் இருந்தாலே திரை பச்சையாகிவிடும். இடது மைனஸ் 0.8, வலது மைனஸ் 1.4 என்று இருந்தாலும் பச்சையாக வரலாம். நிறத்தைப் பார்க்காதீர்கள், எண்ணைப் பாருங்கள்.

என்னுடையது மாஸ்டா எம்எக்ஸ்-5. முன்சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோவர் ஆர்ம் ஒவ்வொன்றிலும் மையம் விலகிய போல்ட் இரண்டு. ஒன்றைத் திருப்பினால் கேம்பரும் காஸ்டரும் (பக்கத்திலிருந்து பார்த்தால் ஸ்டியரிங் அச்சு சாய்ந்திருக்கும் கோணம்) சேர்ந்து நகரும், கூடவே டோவும் மாறும். அதனால்தான் வரிசை முக்கியம்: பின்சக்கரங்களை முடித்துவிட்டு முன்னுக்கு வர வேண்டும், முன்னால் காஸ்டர், கேம்பர், கடைசியில் டோ. அவசரக்காரப் பட்டறைகளில் ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடை மட்டும் திருகி அனுப்பிவிடுவார்கள். காரைத் தாழ்த்தும் எண்ணமிருந்தால் அதை முன்னாடியே முடித்துவிடுங்கள்; உயரம் மாறினால் கேம்பரும் டோவும் மாறும். ஆர்ம் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளைக் கார் லிஃப்டில் தொங்கும்போது இறுக்கவும் கூடாது. தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும், சீக்கிரமே கிழியும். புஷ்ஷோ பால் ஜாயின்ட்டோ ஏற்கெனவே ஆடுகிறது என்றால் அலைன்மென்ட்டுக்குக் கொடுக்கும் காசு வீண்.

எடை இன்னொன்று. ஏறக்குறைய ஒரு டன் காரில் 70 கிலோ ஆள் ஒரு பக்கம் உட்கார்ந்தால் உயரம் மாறத்தான் செய்யும். இப்போதெல்லாம் பத்துக் கிலோ அரிசிப் பை ஏழை ஓட்டுநர் இருக்கையில் அடுக்கித்தான் அளக்கச் சொல்கிறேன். முதல் தடவை பட்டறைப் பையன் கேட்டான்: "என்னண்ணே, வீட்ல கல்யாணமா?"

ட்ராக்கில் நடக்கும் தவறு வெப்பத்தை அளப்பதில். செப்பாங் ஒரு சுற்று 5.5 கிலோமீட்டர். மெதுவாக ஒரு சுற்று ஆறவிட்டு, பிட்டுக்கு வந்து, லேசர் துப்பாக்கியை நீட்டினால் உள், நடு, வெளி மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாகவே காட்டும். வேகமாக ஓட்டி நேரே உள்ளே வந்து, ரப்பருக்குள் ஊசி குத்தி அளக்க வேண்டும். வெளிவிளிம்பு சூடாக இருந்தால் மைனஸ் கேம்பர் போதவில்லை. நடு மட்டும் சூடு என்றால் காற்று அதிகம், கேம்பரைத் தொடாதீர்கள். உள்பக்கம் கொஞ்சம் கூடுதல் சூடு சரிதான். இங்கே வலது வளைவுகளே அதிகம் என்பதால் இடது முன் டயர்தான் அடி வாங்குகிறது. நான் முதலில் வலது பக்கத்தை மட்டும் அளந்துவிட்டு எல்லாம் பிரமாதம் என்று எழுதி வைத்திருந்தேன்.

சிலர் போல்ட்டில் பெயின்ட் கோடு போட்டு, ட்ராக்குக்கு ஒன்று, சாலைக்கு ஒன்று என்று பேடக்கிலேயே (ட்ராக்கில் கார்களை நிறுத்தி வேலை பார்க்கும் இடம்) கேம்பரை மாற்றுகிறார்கள். செய்யலாம், டை ராடிலும் அதே மாதிரி கோடு இருந்தால். நான் அன்று போல்ட்டில் மட்டும்தான் போட்டிருந்தேன். வீடு திரும்பும் வழியில் ஸ்டியரிங் கோணலாக நின்றது.