பிரான்சில் மேரியில் கலியாண எழுத்து: முகூர்த்தத்துக்கு முன் முடிக்க வேண்டியவை

ஐயரிடம் முகூர்த்தம் கேட்பதற்கும் மண்டபத்துக்கு முற்பணம் கட்டுவதற்கும் முன், மேரியில், அதாவது நகரசபையில், நாள் வாங்குங்கள். பிரான்சில் சட்டத்துக்குத் தெரிந்த கலியாணம் மேரியில் நடக்கும் எழுத்து (பதிவு) மட்டுமே. தாலி கட்டு அதற்குப் பிறகுதான். எழுத்து முடிந்த சான்றைப் பார்க்காமல் சமயத் திருமணங்களை வழக்கமாக நடத்திவைக்கும் குருமாருக்கு 6 மாதச் சிறை, 7,500 யூரோ தண்டம் என்று தண்டனைச் சட்டத்திலேயே இருக்கிறது.

மணமக்களில் ஒருவர் வசிக்கும் ஊரின் மேரிக்குப் போகலாம். 2013 முதல் பெற்றோரில் ஒருவர் வசிக்கும் ஊரிலும் எழுதலாம். கட்டணம் கிடையாது. ஆனால் கோடைகாலச் சனிக்கிழமைகள் வெகு சீக்கிரம் நிரம்பிவிடும். முழுக் கோப்பையும் பார்த்த பிறகுதான் பல மேரிகள் நாளை உறுதி செய்யும். அழைப்பிதழை அதுவரை அச்சுக்குக் கொடுக்காதீர்கள்.

கோப்பில் அடையாள ஆவணம், வதிவிடச் சான்று, சாட்சிகளின் விவரம், பிறப்புப் பதிவின் முழுப் பிரதி ஆகியவை இருக்க வேண்டும். முன்பு மணமாகி முறிந்தவர்கள் அதற்கான ஆவணத்தையும் வைக்க வேண்டும். சிக்கல் பெரும்பாலும் பிறப்புப் பதிவில்தான். பிரான்சில் பெற்ற பிரதி 3 மாதத்துக்குள், வெளிநாட்டில் பெற்றது பொதுவாக 6 மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முதலில் இதை எடுத்து வைத்துவிட்டு மற்ற தாள்களுக்கு அலைபவர்கள், கடைசியில் இதையே திரும்ப எடுக்க வேண்டி வரும். இழுபடும் தாள்களை முதலிலும் காலாவதியாகும் தாள்களைக் கடைசியிலும் எடுங்கள்.

எங்கே எடுப்பது என்பது ஆளுக்கு ஆள் வேறு. அகதி அந்தஸ்து உள்ளவருக்குப் பிறப்புப் பதிவுக்கு ஈடான சான்றை ஒஃப்ரா என்ற பிரெஞ்சு அகதிகள் அலுவலகம் தரும். அவர் சொந்த நாட்டுத் தூதரகத்துக்குப் போகவே கூடாது, அந்தஸ்துக்கே கேடாகலாம். புதுச்சேரியில் பிறந்த பிரெஞ்சுக் குடிமக்களின் பதிவு நாந்த் நகரின் மத்திய பதிவகத்தில் இருக்கும். மற்ற வெளிநாட்டவரிடம் மணமாகாதவர் என்ற சான்றையும், அந்நாட்டுத் திருமணச் சட்டத்தை விளக்கும் 'செர்த்திஃபிக்கா து கூத்யூம்' என்ற தாளையும் மேரி கேட்கும். வெளிநாட்டு ஆவணத்துக்கு, அது உண்மையானது என்று உறுதிசெய்யும் அப்போஸ்டில் முத்திரையோ வேறு அத்தாட்சியோ தேவைப்படலாம். நாட்டைப் பொறுத்து இது மாறும் என்பதால் எது வேண்டும் என்று மேரியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மொழிபெயர்ப்பை நீதிமன்றப் பட்டியலில் உள்ள சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்தான் செய்ய வேண்டும். அவரிடம் கடவுச்சீட்டின் பிரதியையும் சேர்த்துக் கொடுங்கள். 'சிறி' என்று தொடங்கும் பெயர் கடவுச்சீட்டில் எஸ்-ஆர்-ஐ என்றும் மொழிபெயர்ப்பில் எஸ்-ஐ-ஆர்-ஐ என்றும் வந்தால், மேரியின் கண்ணுக்கு அவர்கள் இரண்டு ஆட்கள். தகப்பன் பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்தில் ஒரு தாளிலும் முதற்பெயர்க் கட்டத்தில் இன்னொரு தாளிலும் விழுவது நமக்கே உரிய தலைவலி. கோப்பைக் கொடுக்கும் முன் எல்லாத் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்.

பிறகு மேரி இருவரையும் கூப்பிட்டுப் பேசும், தேவையென்றால் தனித்தனியாகவும். எங்கே சந்தித்தீர்கள், யார் பேசி முடித்தார்கள் என்றெல்லாம் கேட்பார்கள். பெற்றோர் பேசிச் செய்த கலியாணம் குற்றமல்ல. அதை மறைத்துக் காதல் கதை கட்டினால் இருவர் சொல்வதும் முரண்பட்டுப்போகும். கட்டாயத் திருமணம், போலித் திருமணம் என்று சந்தேகம் வந்தால் கோப்பு அரச வழக்கறிஞரிடம் போகும். அவர் முடிவெடுக்க 15 நாள். நிறுத்திவைத்து விசாரித்தால் ஒரு மாதம், அதை இன்னொரு தடவை நீட்டவும் முடியும். தடை இல்லையென்றால் மேரி வாசலில் 10 நாள் அறிவித்தல் தொங்கும். அதன் பிறகு ஓராண்டுக்குள் எழுத வேண்டும்.

சொத்து விஷயத்தை இந்த இடைவெளியில் பேசி முடியுங்கள். ஒப்பந்தம் எதுவும் எழுதாவிட்டால், கலியாணத்துக்குப் பிறகு உழைத்து வாங்குவது யார் பெயரில் இருந்தாலும் பொதுவாக இருவருக்கும் சொந்தம். முன்பே இருந்ததும் சீதனமாகவோ முதுசமாகவோ வந்ததும் அவரவருக்கு. கடை நடத்துபவர்கள் இந்த ஒப்பந்தத்தை எழுதும் நொத்தாரிசைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் கடைக் கடன் பொதுச் சொத்தையும் தொடலாம்.

சடங்கு 20 நிமிடம்கூடப் பிடிக்காது. சாட்சிகள் மொத்தம் 2 முதல் 4 பேர், எல்லோரும் 18 வயது நிரம்பியவர்கள். மூவர்ணப் பட்டி அணிந்த மேயரோ துணை மேயரோ குடியியல் சட்டப் பிரிவுகளை வாசித்து, ஒப்பந்தம் உண்டா என்று கேட்டு, பிறகு சம்மதம் கேட்பார். மணப்பெண் தலை குனிந்து இலேசாக ஆட்டுவது இங்கே எடுபடாது. 'வுய்' என்று காது கேட்கச் சொல்ல வேண்டும். விளையாட்டுக்கும் 'நோன்' சொல்லாதீர்கள், சடங்கையே நிறுத்திவிடக்கூடும். பிரெஞ்சு விளங்காதவருக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்பதைக் கோப்புக் கொடுக்கும்போதே சொல்லுங்கள். மோதிரம் கட்டாயமில்லை. மாலை மாற்றவும் அட்சதை போடவும் விரும்பினால் முன்பே கேளுங்கள். அரிசி காலில் வழுக்கும் என்று பல மேரிகள் உள்ளேயும் படிகளிலும் விடுவதில்லை.

கையெழுத்து வைக்கும் முன் பதிவில் உள்ள பெயர்களை ஒருமுறை வாசியுங்கள். பிழையை அப்போதே சொல்வது எளிது, பிறகு திருத்துவது நெடும்பாடு. கையில் லீவ்ரே து ஃபமி என்ற குடும்பப் புத்தகம் கிடைக்கும். கோயிலுக்குக் காட்ட வேண்டிய சான்றையும் அங்கேயே கேட்டு வாங்குங்கள். கணவரின் பெயரைச் சேர்ப்பது மனைவியின் விருப்பம்; சேர்த்தாலும் பிறந்த பெயர் அப்படியே நிற்கும்.