ஃபைபர் பாடிதானே என்று வாங்கிவிடாதீர்கள்

மிச்சிகனில் பனி உருகி ஏப்ரல் பிறந்துவிட்டால் எனக்கு ஃபோன் வர ஆரம்பித்துவிடும். "அண்ணா, ஒரு பழைய கார்வெட் பார்த்து வெச்சிருக்கேன், வந்து ஒரு பார்வை பாத்துட்டுப் போறீங்களா?" செவர்லே கம்பெனியின் ஸ்போர்ட்ஸ் கார் அது. போய்ப் பார்த்தால், நாங்களெல்லாம் முன்பு விழுந்து எழுந்த அதே குழிக்குள் ஒரு காலை வைத்துவிட்டு நிற்பார்கள். ஓட்டிப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுப்பது, டைட்டில் பேப்பரை, அதாவது உரிமைப் பத்திரத்தைச் சரிபார்க்காமல் விடுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அது எந்தக் காருக்கும் பொருந்தும். கார்வெட்டின் புகழை மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் அதை எப்படிக் கட்டினார்கள் என்று பார்ப்பதில்லை. அதனால் வரும் தவறுகள்தான் இவை.

"துருவே பிடிக்காது"

இந்த ஒரு வார்த்தையைக் கேட்டாலே எனக்கு இன்றும் எரிச்சல் வரும். விற்கிறவர் சொன்னால்கூடப் பரவாயில்லை, வாங்குகிறவரே சொல்லிக்கொண்டு வருவார்.

1953 ஜனவரியில் நியூயார்க் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் நடந்த மோட்டோராமா கண்காட்சியில்தான் முதல் கார்வெட்டைக் காட்டினார்கள். அந்த வருடமே ஃபிளின்ட் நகரில் 300 கார்கள் செய்தார்கள். எல்லாமே வெள்ளை, உள்ளே சிவப்பு. அவ்வளவு குறைந்த எண்ணிக்கைக்கு எஃகுத் தகட்டை அழுத்தும் டைகள் செய்யப் பணமும் இல்லை, நேரமும் இல்லை. ஃபைபர் கிளாஸ் கைகொடுத்தது. இதுவரைக்கும் எல்லோருக்கும் தெரியும்.

தெரியாதது 1963 கதை. அந்த வருடம் வந்த புது கார்வெட்டான ஸ்டிங் ரேயில் ஃபைபர் பாடிக்குள் முந்தைய காரைவிட அதிக எஃகு வைத்தார்கள். விண்ட்ஷீல்டைச் சுற்றி, கதவுத் தூண்களில், இருக்கைகளுக்குப் பின்னால் என்று ஒரு எஃகுக் கூண்டு. பேர்ட்கேஜ் என்பார்கள். ஃபைபர் பேனல்களை அந்தக் கூண்டின் மேல்தான் ஒட்டினார்கள். 1968இல் பாடியின் உருவம் மாறியது, உள்ளே இந்த அமைப்பு 1982 வரை தொடர்ந்தது. வெளியே துருப்பிடிக்காத தோல், உள்ளே நன்றாகவே துருப்பிடிக்கிற எலும்பு.

தண்ணீர் மேலிருந்து வருகிறது. விண்ட்ஷீல்டைச் சுற்றியுள்ள சீலிங் வயதாகி விட்டுக்கொடுத்ததும், கண்ணாடி ஓரத்தில் மினுக்கும் உலோகப் பட்டைக்கு அடியில் நுழைந்து தூணின் உள்பக்கமாக இறங்கி, பாடியைச் சேசிஸோடு பிடித்திருக்கும் மவுண்டில் போய்த் தேங்குகிறது. 1968க்குப் பிறகான கூபேக்களில், அதாவது துணிக்கூரை இல்லாத மாடல்களில், கழற்றி மாட்டும் டி-டாப் கூரை வேறு. அதன் ரப்பரும் ஒழுகும். போதாததற்கு எங்கள் பக்கம் குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள்.

ஒரு தம்பி 1972 கூபே ஒன்றை வாங்கி முடித்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டார். சிவப்பு. பெயிண்டில் முகம் பார்க்கலாம். வாங்கப் போனபோது கையோடு ஒரு காந்தம் கொண்டுபோனாராம், எங்கே பட்டி போட்டு மறைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க. ஃபைபர் காரில் காந்தம் எங்கே ஒட்டும்? ஓட்டுநர் பக்கக் கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தால்தான் மூடியது. "ஹிஞ்ச் பின் தேய்ந்திருக்கு, அவ்வளவுதான்" என்று விற்றவர் சொல்லியிருக்கிறார். பெடலுக்குப் பக்கவாட்டில், கால் படும் இடத்தில் இருக்கும் கிக் பேனலைக் கழற்றினேன். சில ஸ்க்ரூக்கள்தான். டார்ச் அடித்தால் அடியில் செதில் செதிலாகத் துரு, இரண்டு கையாலும் அள்ளலாம். ஹிஞ்ச் மாட்டியிருக்கும் தூணில் ஸ்க்ரூ டிரைவர் நுனியை வைத்தேன், அழுத்தவே இல்லை, உள்ளே போய்விட்டது. புதுச் சுண்ணாம்பு அடித்த வீட்டில் உத்தரத்தைக் கரையான் தின்ற மாதிரி.

மற்ற கார்களில் இந்த மாதிரி இடத்தை வெட்டி எடுத்துத் தகடு வைத்து டிங்கரிங் செய்துவிடலாம். இதில் முடியாது. விண்ட்ஷீல்டை எடுக்க வேண்டும், ஒட்டியிருக்கும் பேனல்களைப் பிரிக்க வேண்டும், கூண்டை அளவு பிசகாமல் வெல்டிங் செய்ய வேண்டும். பிசகினால் கதவு பொருந்தாது, புதுக் கண்ணாடியும் விரிசல் விடும். அப்புறம் பேனல்களைத் திரும்ப ஒட்டி, முழுக் காருக்கும் பெயிண்ட். அவர் விசாரித்த இடங்களில் சொன்ன தொகை காரின் விலையைத் தாண்டியது. கடைசியில் உதிரிபாக விலைக்குத்தான் போனது. இன்ஜின் மட்டும் அருமையான இன்ஜின்.

எனவே, விண்ட்ஷீல்டின் கீழ் மூலைகளில் பெயிண்ட் கொப்பளித்திருக்கிறதா பாருங்கள். கதவைப் பாதி திறந்து, நுனியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். கார்பெட்டைத் தூக்கி ஈரம் தொட்டுப் பாருங்கள். பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் சேசிஸ் மேலே வளையும் இடத்தைச் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். அங்கே உள்ளே சேறும் உப்பும் தங்கி உள்ளிருந்து அரிக்கும். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும், போன இரும்பு மொத்தென்று சொல்லும். கிக் பேனலைக் கழற்ற விடமாட்டேன் என்று விற்கிறவர் சொன்னால், காபிக்கு நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

குதிரைத்திறனை வைத்து வருடத்தைத் தள்ளுவது

"1971இல் 270, 1972இல் 200 தான். 72 வேண்டாம்ணா." அடிப்படை 350 கன அங்குல இன்ஜின் இரண்டு வருடமும் ஏறக்குறைய ஒன்றேதான், கம்ப்ரெஷனும் (சிலிண்டருக்குள் கலவையை அழுத்தும் விகிதம்) அதே 8.5. மாறியது அளக்கும் முறை. முன்பு இன்ஜினை மட்டும் தனியாக மேடையில் ஏற்றி அளந்தார்கள். 1972 முதல் ஏர் கிளீனர், சைலன்சர், ஆல்டர்னேட்டர் எல்லாவற்றையும் மாட்டி, காரில் இருக்கிறபடியே அளந்த எண்ணைப் போட்டார்கள். உண்மையான இறக்கம் அதற்கு முந்தைய வருடமே நடந்துவிட்டது: ஈயமில்லாப் பெட்ரோலுக்காகக் கம்ப்ரெஷனைக் குறைத்ததில் 300 என்பது 270 ஆனது. 1975இன் 165 பரிதாபமான எண்தான், அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

நம்பர் மேட்சிங் என்றதும் பணத்தை எடுப்பது

இன்ஜினின் முன்பக்கம், பயணி பக்கத்து சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் ஒரு சிறிய தளம் இருக்கும். அதில் குத்திய எண் காரின் அடையாள எண்ணோடு (நம்பர் பிளேட் அல்ல, ஃபேக்டரி கொடுத்த VIN) பொருந்துவதைக் காட்டி விலையை ஏற்றுவார்கள். எண்ணை யார் வேண்டுமானாலும் குத்தலாம். எண்ணுக்கு அடியில் இருக்கும் பரப்பைப் பாருங்கள்: ஃபேக்டரியில் கடைந்த மெல்லிய இணைகோடுகள் இருக்க வேண்டும். வழவழவென்று இருந்தால் யாரோ தேய்த்திருக்கிறார்கள். இன்னொன்று, 1971 வரை காரின் எண்ணில் எந்த இன்ஜின் என்ற தகவலே கிடையாது. 1972 முதல்தான் ஐந்தாவது எழுத்து அதைச் சொல்லும். "இது பிக் பிளாக்காகவே பிறந்த 67, நம்பரிலேயே இருக்கு" என்று, பெரிய இன்ஜினோடு ஃபேக்டரியிலிருந்து வந்த 1967 கார் என்ற அர்த்தத்தில் ஒருவர் சொன்னால் அவருக்குத் தெரியவில்லை, அல்லது நன்றாகவே தெரிந்திருக்கிறது.

நடுத்தண்டுப் பின்கண்ணாடி

பின்கண்ணாடியை நடுவில் ஒரு தண்டு இரண்டாகப் பிரிப்பது 1963 கூபேக்கு மட்டும்தான். காரின் அடையாள எண் 4இல் ஆரம்பித்தால் அது 1964, யாரோ வெட்டி ஒட்டியது.

பட்டை ஸ்பிரிங்கைக் கழற்றி எறிவது

லாரி ஸ்பிரிங் என்று சிரிக்காதீர்கள். குறுக்காகப் படுத்திருக்கும் அந்த ஸ்பிரிங்கோடுதான் 1963இல் கார்வெட்டுக்குப் பின்சக்கரங்கள் தனித்தனியே இயங்கும் சஸ்பென்ஷன் வந்தது. பின்னாளில் எஃகுக்குப் பதில் ஃபைபரில் செய்து, 2019 வரை வைத்திருந்தார்கள். காயில் ஸ்பிரிங்குக்கு மாறியது இன்ஜின் நடுவே வந்த 2020 காரில்தான். முதலில் சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ்களை மாற்றுங்கள், முக்கால்வாசிக் குறை அதிலேயே தீரும்.

"1983 மாடல்"

அந்த வருட மாடல் கார்வெட் விற்பனைக்கே வரவில்லை. சோதனைக்காகச் செய்தவற்றில் மிஞ்சியது ஒன்றுதான், அது கென்டக்கியில் பௌலிங் கிரீன் நகரில் இருக்கும் கார்வெட் மியூசியத்தில் இருக்கிறது. விளம்பரத்தில் 1983 என்று போட்டிருந்தால் பெரும்பாலும் 1983இல் செய்து 1984 மாடலாக விற்ற கார். டைட்டிலில் 1984 என்று இருந்தால் சரி. அதிலும் 1983 என்றே இருந்தால் பேப்பரைச் சரிசெய்து தரும்வரை பணம் கொடுக்காதீர்கள்.