கிட்டார் ஃபீட்பேக்: அலறலை ஸ்வரமாக்குவது எப்படி?

எலெக்ட்ரிக் கிட்டாரை மாட்டிக்கொண்டு ஆம்ப் (கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டி) பக்கம் திரும்பியதும் ‘ஊஊய்ங்’ என்று அலறும். இதுதான் ஃபீட்பேக். பதறிப்போய் வால்யூமைக் குறைப்போம். முதல் ஒரு வருடம் நானும் அதைத்தான் செய்தேன். ஆனால் பீட்டில்ஸ் 1964-லேயே ‘ஐ ஃபீல் ஃபைன்’ பாட்டை அந்தச் சத்தத்தோடுதான் தொடங்கினார்கள். அதை நம் கைக்குள் கொண்டுவருவதைப் பார்ப்போம்.

நடப்பது இதுதான். கம்பி அதிர்கிறது, கம்பிக்கு அடியில் இருக்கும் பிக்கப் (அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) அதைப் பிடித்து ஆம்ப்புக்கு அனுப்புகிறது, ஸ்பீக்கர் காற்றைத் தள்ளுகிறது, அந்தக் காற்று வந்து அதே கம்பியை மறுபடி உலுக்குகிறது. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் ஆட்டம் நிற்காது இல்லையா, அதே கதைதான். ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு முயன்றால் ஒன்றும் வராது. கம்பியைத் தள்ளுவதற்கு அங்கே காற்று ஏது?

படி 1: காது. இயர்பிளக் போடுங்கள். 100 டெசிபல் சத்தத்தை ஒரு நாளைக்கு 15 நிமிடத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்பது அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வேலையிடங்களுக்குச் சொல்லும் கணக்கு. ஆம்ப் அருகில் நின்றால் அந்த அளவை எட்டுவது சுலபம்.

படி 2: ஆம்ப். முதலில் கிட்டாரின் வால்யூம் குமிழ் பூஜ்ஜியத்தில் இருக்கட்டும். ஆம்ப்பில் கெயின் (ஒலியை எவ்வளவு பெருக்குவது என்ற குமிழ்) பாதிக்கு மேல், மிடில் (நடு ஒலிகள்) சற்றுத் தூக்கலாக, ட்ரெபிள் (உச்ச ஒலிகள்) பாதிக்குக் கீழே. ட்ரெபிள் ஏறினால் ஸ்வரத்துக்கு முன்னால் கீச்சல் வந்து நிற்கும். நாய்ஸ் கேட் (ஒலி குறைந்ததும் அதை அடைத்துவிடும் கருவி) இருந்தால் அணைத்துவிடுங்கள். ஒலி தேயத் தொடங்கியதுமே அது கழுத்தை நெரித்துவிடும்.

படி 3: ஒரே ஒரு ஸ்வரம். ஸ்பீக்கரிலிருந்து சுமார் ஒரு மீட்டர் தள்ளி, பிக்கப் ஸ்பீக்கரைப் பார்க்கும்படி நில்லுங்கள். மெல்லிய கம்பியிலிருந்து எண்ணி மூன்றாவது கம்பியில் 14-ஆம் ஃப்ரெட்டை (கிட்டார் கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கட்டை) பிடியுங்கள். அது ‘ஏ’, 440 ஹெர்ட்ஸ்.

உண்மையான வேலை மற்ற ஐந்து கம்பிகளில்தான் இருக்கிறது. தடித்த கம்பிகள் மேல் மீட்டும் கையின் ஓரத்தை வையுங்கள். மெல்லிய இரண்டையும் ஃப்ரெட் பிடிக்கும் விரலின் அடிப்பக்கத்தால் லேசாகத் தொட்டுக்கொள்ளுங்கள். ஒரு கம்பி சும்மா விடப்பட்டாலும் ஆம்ப் அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்ளும். ஆரம்பத்தில் எனக்கு ஃபீட்பேக் கட்டுப்படாமல் போனதற்கெல்லாம் இதுவே காரணம்.

இப்போது மீட்டுங்கள், குமிழை மெல்ல ஏற்றுங்கள், விரலை லேசாக ஆட்டிக்கொண்டே இருங்கள். ஒலி தேய்வதுபோல் போகும். அவசரப்பட்டு மறுபடி மீட்டாதீர்கள். சில நொடிகளில் அது தானாகவே ஊதிப் பெருகும்.

படி 4: நிற்கும் இடம். சில சமயம் நீங்கள் பிடித்த ஸ்வரம் வராமல் அதன் மேல் ஸ்தாயியோ, அதற்கும் மேலே உள்ள பஞ்சமமோ வரும். அது தவறில்லை, அந்த இடத்தில் காற்று தள்ளுவது அந்த ஹார்மோனிக்கைத்தான் (ஸ்வரத்துக்குள்ளேயே சேர்ந்து ஒலிக்கும் மேல் ஒலி). 440 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 78 சென்டிமீட்டர். அதில் பாதி, அதாவது 39 சென்டிமீட்டர் நகர்ந்தாலே, கம்பியை வளர்த்த காற்று அதை எதிர்த்துத் தள்ள ஆரம்பிக்கும். அதனால் அங்குலம் அங்குலமாக முன்னும் பின்னும் அசைந்து, எங்கே எது வருகிறது என்று கேளுங்கள். நல்ல இடம் கிடைத்தால் தரையில் டேப் ஒட்டி வையுங்கள். 1977-இல் பாடகர் டேவிட் போவியின் ‘ஹீரோஸ்’ பாட்டுப் பதிவில் கிட்டார் கலைஞர் ராபர்ட் ஃப்ரிப் இப்படித்தான், எந்த ஸ்வரத்துக்கு எங்கே நிற்பது என்று தரையில் குறித்துவைத்து வாசித்தார்.

சத்தமாக வைக்க வழியில்லையா? கிட்டாரின் தலைப்பகுதியை ஆம்ப் பெட்டி மேல் மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். அதிர்வு மரம் வழியாகவே ஏறிவிடும், குறைந்த வால்யூமிலும் ஓரளவு வேலை செய்யும்.

படி 5: நிறுத்துவது. பட்டென்று நிற்க வேண்டுமானால் உள்ளங்கையால் எல்லாக் கம்பிகளையும் அமுக்கி, உடனே குமிழை இறக்குங்கள். மெல்லத் தேய வேண்டுமானால் குமிழ் மட்டும் போதும். உடம்பைத் திருப்பி ஆம்ப்புக்கு முதுகைக் காட்டினாலும் அடங்கும்.

கம்பிகளை அமுக்கிய பிறகும் கீச்சல் நிற்கவில்லையா? அப்படியானால் சத்தம் கம்பியிலிருந்து வரவில்லை. பிக்கப்புக்குள் இருக்கும் சுருள் தளர்ந்து அதுவே அதிர்கிறது. கெயினைக் குறைத்தால் சமாளிக்கலாம். தீர்வு வேண்டுமானால் கிட்டார் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து பிக்கப்பை மெழுகில் முக்கி எடுக்கச் சொல்ல வேண்டும்.

அப்புறம், குமிழைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்த பிறகே கிட்டாரை ஸ்டாண்டில் வையுங்கள். ஒருமுறை அதை மறந்து தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் அது தனிக் கச்சேரியே ஆரம்பித்திருந்தது.