அஞ்சு அம்பும் ஒரு தட்டுக்குள்ள: பொறவாசல்ல வில்லு பழகுதவங்களுக்கு

வில்லு வாங்கின மொத மாசம் பூரா நான் செஞ்ச ஒரே வேலை, டார்கெட் நடுவுல இருக்குத மஞ்ச வட்டத்தப் பாத்து அடிச்சதுதான். பத்து அம்புல ஒண்ணு மஞ்சள்ல படும், ஒடனே போன எடுத்து போட்டோ. மிச்சம் ஒம்பது எங்கெங்க சொருகிட்டு நிக்குன்னு யாரும் கேக்கல, நானும் சொல்லல. ரெண்டாவது மாசமும் அதே பத்துக்கு ஒண்ணு. அப்பதான் ஒறச்சுது, சவம் இது பழகுததே இல்ல, லாட்டரி.

நடுவுல பட்டா சந்தோசம்தான், ஆனா அது உங்க கைக்கு ஒண்ணும் சொல்லித் தராது. அஞ்சு அம்பும் கீழ இடது மூலையில ஒரு டிபன் தட்டு அகலத்துக்குள்ள கூட்டமா விழுதுன்னு வச்சுக்கிடுங்க, மஞ்சள்ல ஒண்ணு கூட இல்ல, பாக்கதுக்கு கேவலமாத்தான் இருக்கும். ஆனா உங்க உடம்பு ஒரே வேலைய அஞ்சு தடவையும் ஒரே மாதிரி செஞ்சிருக்கு. குறி பாக்க வில்லுல மாட்டியிருக்க சைட்ட ரெண்டு திருகு திருகினா மொத்த கூட்டமும் நடுவுக்கு வந்துரும். செதறிக் கெடக்குத அம்ப நடுவுக்கு கொண்டாரதுக்கு எந்த திருகும் கெடையாது. அதனால மொதல்ல குரூப்பிங், அதான் இந்தக் கூட்டம் சேக்குதது, அப்புறம்தான் மஞ்சள்.

எங்க வீடு பத்தமடைக்கும் சேரன்மாதேவிக்கும் நடுவுல. பொறவாசல்ல முன்ன தொழு இருந்த எடம் சும்மா கெடக்கு, நீளம் நாப்பது அடி, அதுல 10 மீட்டர் தாராளமா கெடைக்கும். 10 மீட்டர் போதுமாலேன்னு கேப்பிய. போதும். ஒலிம்பிக்ல ரிகர்வ் வில்லுக்கு (நுனி ரெண்டும் முன்னால வளைஞ்சிருக்குத வில்லு) 70 மீட்டர், டார்கெட் 122 சென்டிமீட்டர் அகலம், அதுல 10 பாயின்ட் வட்டம் 12.2 சென்டிமீட்டர். அதே கணக்க 10 மீட்டருக்கு சுருக்கினா 10 பாயின்ட் வட்டம் ஒத்தை ரூவா நாணயத்தவிட சின்னதாயிரும். நம்ம பொறவாசல் ஒண்ணும் லேசுப்பட்ட எடம் இல்ல.

எடத்துக்கு ஒரே ஒரு கண்டிசன்தான், அதுல வெளையாடப்படாது. அம்பு போவுத தெசையில கதவு, ஜன்னல், முடுக்கு, அடுத்த வீட்டு துணி காயுத கொடி எதுவும் இருக்கப்படாது. இழுக்க 24 பவுண்டு பலம் கேக்குத வில்லுதானேன்னு நெனைக்காதீங்க, கொஞ்சம் மேல தூக்கி விட்டா அதுவே நூறு மீட்டரத் தாண்டிப் போவும். அதனால வில்ல வானத்தப் பாத்து இழுத்து எறக்குத ஸ்டைல் வேண்டவே வேண்டாம், டார்கெட்டுக்கு நேர வச்சே இழுங்க. டார்கெட்டுக்குப் பின்னால ஜன்னல் இல்லாத சுவர், அதுக்கு முன்னால ஒரு பழைய ஜமுக்காளத்த ரெட்டையா மடிச்சு தொங்க விடுங்க, இறுக்கிக் கட்டாதீங்க. தொளதொளன்னு தொங்குனாத்தான் அம்பு வேகத்த அது வாங்கிக்கிடும், இறுக்கமா இருந்தா பொத்துக்கிட்டு சுவத்துல போய் முட்டி அம்பு நாசமாப் போவும். ஆடு, கோழி, புள்ளைய எல்லாம் வராம கதவ தாப்பா போட்டுருங்க. எங்க பக்கம் மயிலு வேற சுவரு மேல வந்து ஒக்காரும், அது எறங்கிப் போற வரைக்கும் வில்லத் தொடாதீங்க, 1972 வனவிலங்கு சட்டத்துல மயிலுக்கு இருக்க பாதுகாப்பு சாதாரணமானது இல்ல.

சரி, டார்கெட். நான் மொதல்ல செஞ்சது தெர்மாகோல். மூணு பலகைய ஒட்டி வச்சு கம்பீரமா அடிச்சேன், அம்பு வெண்ணெயில கம்பி போன மாதிரி போயி பின்னால சுவத்துல டிங்குன்னு ஒரு சத்தம். இன்னும் ரெண்டு பலகை சேத்தேன், அப்ப அம்பு நின்னுச்சு, ஆனா உருவும்போது பாத்தா ஒரசுத சூட்டுல தெர்மாகோல் உருகி அம்புல பசை மாதிரி ஒட்டிக் கெடக்கு. காத்துல பறக்குத வெள்ளைப் பொடி வேற, எங்க அம்மா ரெண்டு நாள் பேசல. அதோட அத மூட்ட கட்டிட்டேன்.

அதுக்கப்புறம் செஞ்சது மூட்டை. இது சுலபம், யாரும் ஒரு சாயங்காலத்துல செஞ்சுரலாம். நல்ல யூரியா சாக்கு இல்ல அரிசிச் சாக்கு, உள்ள பழைய துணி. வேட்டி, சாரம், சேலை, போர்வை, பத்தலன்னா ஒர்க்ஷாப்புக்கு விக்குத கடையில பனியன் வேஸ்ட் கெடைக்கும். சட்டை, பேண்ட் போட்டா பட்டன், ஜிப், கொக்கி எல்லாத்தையும் கட்டாயம் வெட்டி எடுத்துருங்க, ஒரு ஜிப்புல பட்டா அம்பு மொனையும் போச்சு திரும்பித் தெறிக்கவும் செய்யும். கொஞ்சம் கொஞ்சமாப் போட்டு உலக்கையால இடிச்சு இடிச்சு அடைக்கணும், கால வச்சும் மிதிக்கலாம். நெறஞ்சிட்டுன்னு தோணும்போது இன்னும் கால்வாசி துணி அடங்கும், அதையும் அடைச்சு வாய கோணி ஊசியால தையுங்க. சரியா அடைச்ச மூட்டையில இருந்து அம்ப ரெண்டு வெரல்லயே உருவிரலாம். கொற என்னன்னா துணி மெல்ல கீழ எறங்கிரும், மேல் பக்கம் காலியாயிரும், மாசம் ஒரு தடவை அவுத்து மறுபடி இடிக்கணும்.

இப்ப நான் அடிக்குதது பாய்க்கட்டு, இதப் பத்தித்தான் கொஞ்சம் நீளமாப் பேசணும். பத்தமடைன்னாலே கோரைப்பாய்தானே, கிழிஞ்சு ஓரம் பிரிஞ்ச பழைய பாய் எந்த வீட்டுப் பரண்லயும் கெடக்கும். பட்டுப் பாயில அடிச்சிராதீங்கப்பா, அதுக்கு வேற பாவம். பாய 30 சென்டிமீட்டர் அகலத் துண்டா வெட்டி, ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கணும். மிதிச்சு அழுத்தின பிறகு ரெண்டடி ஒசரம் வரணும், அதுக்கு நெனச்சதவிட கூடவே பாய் வேணும், நான் தெருவுல நாலு வீட்டுல கேட்டு வாங்கினேன். மேலயும் கீழயும் ஒரு கெட்டிப் பலகை, நாலு மூலையிலயும் ஓட்டை போட்டு ஹார்டுவேர் கடையில கெடைக்குத மரை போட்ட நீளக் கம்பிய விட்டு நட்டப் போட்டு முறுக்கணும். முறுக்க முறுக்க பாய் அமுங்கி செங்கல் மாதிரி ஆவும். அடுக்கோட வெளிம்புதான் ஒங்களப் பாத்து இருக்கணும், பாயோட பரப்பு இல்ல. அம்பு ரெண்டு பாய்க்கு நடுவுல நொழஞ்சு அந்த இறுக்கத்துலயே நின்னுரும், கோரைய அறுக்காது, உருவினதும் ஓட்டையும் மூடிக்கிடும். இதே சூத்திரம்தான் அட்டைப்பெட்டிக்கும், மளிகைக் கடையில வாங்கின அட்டைய வெளிம்பு தெரியுத மாதிரி அடுக்கி இறுக்குங்க, பரப்பப் பாத்து அடிச்சா ரெண்டு நாள்ல சல்லடை.

கம்பியும் நட்டும் அம்பு படுத எடத்துல இருக்கப்படாது, ஓரமா வெலகி இருக்கணும், முன்பக்கம் தெரியுத நட்டு மேல பழைய டயர் துண்டு ஒண்ண ஆணியடிச்சு மூடிட்டேன். புதுசா எந்த டார்கெட் செஞ்சாலும் மொத அம்ப 5 மீட்டர்ல இருந்து விட்டு எவ்வளவு ஆழம் போவுதுன்னு பாருங்க, பின்பக்கம் மொனை எட்டிப் பாத்தா இன்னும் தடிமன் வேணும்னு அர்த்தம். நடுப்புள்ளி தரையில இருந்து 130 சென்டிமீட்டர் ஒசரத்துல வாரது மாதிரி ஸ்டாண்டு வைங்க, போட்டிகள்லயும் அதே ஒசரம்தான்.

முகம்னா டார்கெட் மேல ஒட்டுத வட்டம் போட்ட தாள், அதுக்கு பேப்பர் போதும். உள்ளரங்குப் போட்டியில 18 மீட்டருக்கு 40 சென்டிமீட்டர் முகம், 10 மீட்டருக்கு அது 22 சென்டிமீட்டர் ஆவும், கிட்டத்தட்ட ஒரு டிபன் தட்டு. தட்டக் கவுத்தி வச்சு பென்சில்ல ஒரு வட்டம், உள்ள டம்ளர வச்சு ஒரு வட்டம், முடிஞ்சுது. பேப்பர மைதாப் பசை போட்டு அட்டையில ஒட்டி குத்துங்க, வெறும் பேப்பர் கிழிஞ்சு எந்த ஓட்டை எதுன்னே தெரியாது.

ஆனா மொத ரெண்டு வாரம் அந்த முகமே வேண்டாம். 3 மீட்டர்ல நில்லுங்க, டார்கெட்டுல ஒரு புள்ளி கூட இருக்கப்படாது, வெறும் பாய். நேர குறி வச்சு இழுத்த பிறகு கண்ண மூடிக்கிட்டு விடுங்க. போரடிக்கும், கோட்டி புடிச்சிருக்கான்னு வீட்டுல கேப்பாங்க, ஆனா குறியப் பத்தின பயம் இல்லாதப்பத்தான் நம்ம வெரல் என்ன பண்ணுது, தோள் எங்க தூக்குது, நாண் தாடையில எங்க தொடுதுன்னு தெரியும். ஆங்கர், அதாவது இழுத்த கை முகத்துல வந்து நிக்குதது, ஒரே எடத்துல வரணும். ஆள்காட்டி வெரல் தாடைக்குக் கீழ, நாண் நாடியையும் மூக்கு நுனியையும் தொடணும், நூறு தடவையும் அதே எடம். தாடையில அரை சென்டிமீட்டர் மாறினா 10 மீட்டர்ல அது நல்லாவே தெரியும்.

பிறகு அம்புக்கு நம்பர் போடுங்க, 1 முதல் 5 வரைக்கும் மார்க்கர்ல. இத யாரும் எனக்குச் சொல்லல, சொல்லியிருந்தா மூணு வாரம் மிச்சமாயிருக்கும். ஒரு அம்பு எப்பவும் கூட்டத்த விட்டு வலது பக்கம் தனியாப் போச்சு, நான் என் ரிலீஸ்தான், நாண விடுத விதம்தான், சரியில்லன்னு மண்டைய ஒடச்சுக்கிட்டு இருந்தேன். நம்பர் போட்டு நோட்டுல குறிச்சப்பதான் தெரிஞ்சுது, எப்பவும் அது 4-ஆம் நம்பர்தான், அதுல ஒரு எறகு பாதி பேந்து கெடந்துச்சு. கார்பன் அம்புன்னா தெனம் ஆரம்பிக்கும் முன்ன ரெண்டு நுனியையும் புடிச்சு லேசா வளைச்சு காதுல வச்சுக் கேளுங்க, நெறுக்குன்னு சத்தம் வந்தா ஒடச்சுத் தூரப் போட்டுருங்க, வெடிச்ச அம்பு விடும்போது கையில ஏறிரும்.

முகம் ஒட்டின பிறகு அஞ்சஞ்சா அடிங்க, ஆறு சுத்து, மொத்தம் முப்பது அம்பு. ஒவ்வொரு சுத்துக்கும் ரொம்ப தள்ளி இருக்க ரெண்டு ஓட்டைக்கு நடுவுல ஸ்கேல் வச்சு அளந்து எழுதுங்க. "அது கை நழுவிட்டு"ன்னு ஒண்ணத் தள்ளிட்டு அளக்கப்படாது, எல்லாம் கணக்குல வரணும். எனக்கு ஆரம்பத்துல 31 சென்டிமீட்டர், நாலு மாசம் கழிச்சு 13. நடுவுல ஒரு மாசம் கூடவும் செஞ்சுது, அது வில்ல 28 பவுண்டுக்கு மாத்தின அவசரம். திரும்ப 24-க்கே வந்தேன், அதுலயே இருக்கேன்.

அந்த முப்பது ஓட்டையும் என்ன வடிவத்துல கெடக்குன்னு பாருங்க. மேலயும் கீழயுமா நீண்டு கெடந்தா இழுக்குத நீளம் மாறுது, இல்லன்னா விட்ட ஒடனே வில்லுக் கை கீழ சாயுது. அம்பு டப்புன்னு குத்துத சத்தம் கேக்குத வரைக்கும் கைய அசைக்காம நில்லுங்க, அதுலயே பாதி சரியாயிரும். பக்கவாட்டுல செதறினா பெரும்பாலும் புடிதான் காரணம், வில்ல மம்பட்டிப் புடி மாதிரி இறுக்கிப் புடிக்கோம், அது விடும்போது திரும்பிருது. பெருவெரல் அடிச் சதையில மட்டும் வில்லு ஒக்காரணும், மத்த வெரல் தளர்வா இருக்கணும். வில்லு கீழ விழுந்துருமோன்னு பயம்னா ஒரு ஷூ கயித்த பெருவெரலுக்கும் ஆள்காட்டி வெரலுக்கும் நடுவுல, வில்லுக்கு முன்பக்கமா வார மாதிரி கண்ணி போட்டுக் கட்டிக்கிடுங்க, கடையில விக்குத ஸ்லிங்குக்கு எந்த கொறச்சலும் இல்ல.

எந்தப் பக்கம் செதறுதோ அதுக்குத் தக்கபடி முகத்த மாத்துங்க. பக்கவாட்டுப் பிரச்சனைக்கு செங்குத்தா ஒரு கறுப்பு டேப் மட்டும் ஒட்டி அடிங்க, மேல படுதா கீழ படுதான்னு கவலையே வேண்டாம், கோடு மட்டும்தான். மேல கீழ பிரச்சனைக்கு அதே டேப்பப் படுக்க ஒட்டுங்க. ஒரு நேரத்துல ஒரு கவலை.

கூட்டம் சின்னதா ஆன பிறகு இன்னொரு நல்ல பிரச்சனை வரும், அம்பு அம்புலயே அடிக்கும். நாண்ல மாட்டுத வால் நுனி, அதான் நாக், ஒண்ணு போச்சுன்னா பரவாயில்ல, அம்பே பொளந்துட்டா வயிறெரியும். அப்ப அஞ்சு சின்னப் புள்ளிய ஒரு சாண் இடைவெளியில வரஞ்சு ஒரு புள்ளிக்கு ஒரு அம்பு விடுங்க, பெறவு ஒவ்வொரு புள்ளியில இருந்தும் ஓட்டை எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளியிருக்குன்னு அளந்து ஒரே பேப்பர்ல சேத்துக் குறிச்சா குரூப்பிங் அதுல வந்துரும்.

சைட்ட இப்ப தொடலாம். கூட்டம் இடது பக்கம் விழுந்தா சைட்ட இடது பக்கமே நகத்துங்க, மேல விழுந்தா மேல. புதுசா வார எல்லாரும் இத தலைகீழா செஞ்சுட்டு என்னையும் கோவிப்பாங்க.

ஆனி, ஆடி மாசத்துல செங்கோட்டைக் கணவாய் வழியா வார காத்து ஊரையே ஆட்டும், 10 மீட்டர்ல அம்ப அது பெருசாத் தள்ளாது, ஆனா வில்லையும் ஒங்களையும் ஆட்டும். அந்த மாசம் காத்தால ஆறு மணிக்கு முடிச்சுருங்க. வெயில்ல நிக்க கார்ல வில்ல வைக்காதீங்க, வில்லோட வளையுத பட்டையில (லிம்ப்) ஒட்டின பசை கெட்டுப் போவும். அம்பு இல்லாம இழுத்து வெறும் நாண விடவே விடாதீங்க, வில்லு வெடிச்சுரும். அம்ப உருவும்போது ஒரு கைய டார்கெட்டுல அழுத்திக்கிட்டு பக்கத்துல நின்னு நேர இழுங்க, பின்னால யாரும் நிக்கப்படாது, நாக் கண்ணுல ஏறிரும்.

பாய்க்கட்ட ஸ்டாண்ட விட்டு எறக்கினா தரையில வைக்காம ரெண்டு செங்கல் மேல ஏத்துங்க, இல்லன்னா கரையான் உள்ள குடும்பம் நடத்தும். ஐப்பசி மழைக்கு தார்ப்பாய் போட்டு மூடுங்க, ஆனா காலையில தொறக்கும்போது கைய உள்ள விடாம ஒரு கம்பால தட்டிப் பாருங்க, எனக்கு ரெண்டு தடவை தேள் வந்துருக்கு. நடுப்பகுதி தளந்தா நட்ட இன்னும் ஒரு சுத்து முறுக்கலாம், அதுவும் பத்தலன்னா நடுவுல உள்ள பாய உருவி மேலயும் கீழயும் போட்டுட்டு ஓரத்துல உள்ள நல்ல பாய நடுவுக்கு கொண்டாங்க. வைக்கோல்ல டார்கெட் கட்டினவங்க, அது நஞ்சு போனா மாட்டுக்குப் போட்டுறாதீங்க. உள்ள ஒடஞ்ச கார்பன் சிலாம்பு இருக்கும். பக்கத்து வீட்டு ஆச்சி ஒரு நாள் கட்டோட கேட்டாங்க, நான் எல்லாத்தையும் தீ வச்சுட்டுத்தான் மறுவேலை பாத்தேன்.