வெளிநாட்டு ஊழியத்தில் மூத்த மிஷனரி தம்பதி: வீட்டையும் வாரத்தையும் ஒழுங்கு செய்வது எப்படி

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை, பிள்ளைகளை வளர்த்து முடித்த தம்பதிகளை 6, 12, 18 அல்லது 23 மாத ஊழியத்துக்கு அழைக்கிறது. மிஷன் (ஊழியப் பகுதி) அலுவலகம், மனிதநேய உதவி, ஆலயப் பணி, கிளைகள் எனப்படும் சிறு உள்ளூர்ச் சபைகளுக்குத் துணை நிற்பது எனப் பொறுப்புகள் பலவகை. இளம் மிஷனரிகள் பொதுவாகக் காலை 6.30க்கு எழுந்து இரவு 10.30க்குப் படுக்க வேண்டும். மூத்தவர்களுக்கு அப்படிக் கட்டாயம் இல்லை. நாளை அவர்களே வகுத்துக்கொள்ளலாம். இது பெரிய சலுகைதான், ஆனால் "இன்றைக்குப் போதும்" என்று சொல்ல வேறு ஆள் கிடையாது. தம்பதியைப் பாதியில் ஊருக்குத் திரும்ப வைப்பது பெரும்பாலும் உடல்நலமும் வீட்டுக் கவலையும்தான். இரண்டையும் முன்கூட்டியே கவனித்துவிட்டால் ஊழியம் தானாக நடக்கும் என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

மருந்து: முதல் வேலை இதுதான்

இருவருக்கும் தனித்தனி மருந்துப் பட்டியல் எழுதுங்கள். கம்பெனிப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் மருந்தின் மூலப்பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த நேரம், எதற்காக என்பவை இருக்க வேண்டும். மருத்துவரிடம் கையொப்பம் வாங்கி, ஒரு பிரதியைக் கைப்பையிலும் இன்னொன்றைக் கைபேசியிலும் வையுங்கள். சட்டம் இடம் கொடுத்தால் மூன்று மாத மருந்தைக் கையோடு கொண்டுபோவது நல்லது. அங்கே மருத்துவரைத் தேடி, அதே மருந்து கிடைக்கிறதா என்று பார்த்து முடிக்க அவ்வளவு காலம் ஆகிவிடும். வாரப் பெட்டியில் பிரித்துப் போட்டுக்கொண்டு எல்லை கடக்காதீர்கள். மருந்துக்கடை ஒட்டிய சீட்டோடு அசல் டப்பாவிலேயே இருக்கட்டும்.

உங்கள் ஊரில் சாதாரணமாகக் கிடைப்பது போகிற நாட்டில் தடைசெய்யப்பட்டதாக இருக்கலாம். சூடோஎஃபிட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மருந்தை ஜப்பானுக்குள் கொண்டுபோக முடியாது. ஒரு மாத அளவைத் தாண்டிய பரிந்துரை மருந்துக்கு அங்கே முன்அனுமதிச் சான்று வேண்டும். கடுமையான வலிநிவாரணிகளும் மனநல மருந்துகளும் பல நாடுகளில் முன்அனுமதி இல்லாமல் நுழையாது. பிள்ளைகள் மாதாமாதம் தபாலில் அனுப்புவார்கள் என்று நம்பவும் வேண்டாம். மருந்துப் பொட்டலம் சுங்கத்தில் நின்றுபோவது சகஜம்.

இன்சுலினைச் சரக்குப் பெட்டியில் போடாதீர்கள். உறைந்தால் கெட்டுவிடும், பெட்டி தொலைந்தால் அதுவும் போய்விடும். திறக்காதது 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். பயன்பாட்டில் உள்ளது பெரும்பாலான வகைகளில் அறை வெப்பத்தில் சுமார் 28 நாள் தாங்கும். அந்த வகைக்கான தாளைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். சர்க்கரை அளக்கும் அலகும் மாறும். சில நாடுகளில் மில்லிமோல் கணக்கில் சொல்வார்கள், அதை 18ஆல் பெருக்கினால் மில்லிகிராம் கணக்கு வரும். 7.0 என்றால் 126. இது தெரியாமல் "7தானே" என்று நிம்மதி அடைந்துவிடக் கூடாது.

பல் வேலை, கண் பரிசோதனை எல்லாவற்றையும் புறப்படும் முன்பே முடித்துவிடுங்கள். உதிரியாக ஒரு மூக்குக்கண்ணாடியும், காதுக்கருவிக்கு வேண்டிய பேட்டரிகளும் எடுத்துக்கொள்ளுங்கள். ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசியின் இரண்டாம் ஊசி குறைந்தது ஆறு மாதம் கழித்துத்தான் போடப்படும் என்பதால் அழைப்பு வந்தவுடனே தொடங்குங்கள். மஞ்சள் காய்ச்சல் சான்று ஊசி போட்ட 10ஆம் நாளிலிருந்துதான் செல்லும். 2016 ஜூலை முதல் அது ஆயுளுக்கும் செல்லுபடியாகிறது. அமெரிக்கத் தம்பதிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மூத்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் பொதுவாக நாட்டுக்கு வெளியே செல்லாது, தனிக் காப்பீடு அவசியம்.

பணமும் ஓடிபியும்

மூத்த தம்பதிகள் தங்கள் செலவைத் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள். ஆகவே வங்கிக் கணக்கு முடங்கினால் சமையலும் முடங்கும். பெரும்பாலும் முடக்குவது ஓடிபிதான். பழைய எண் செயலிழந்துவிட்டால் குறுஞ்செய்தி வராது, கணக்கைத் திறக்கவே முடியாது. பழைய சிம் ரோமிங்கில் உயிரோடு இருக்க ஏற்பாடு செய்யுங்கள். முடிந்த இடங்களில் குறுஞ்செய்திக்குப் பதில், கைபேசியிலேயே குறியீட்டை உருவாக்கும் அங்கீகாரச் செயலிக்கு மாறுங்கள். இதைப் புறப்படும் முன்பே செய்து, ஒருமுறை சோதித்தும் பாருங்கள்.

வெவ்வேறு வங்கிகளின் அட்டைகள் இரண்டு இருக்கட்டும், ஆளுக்கொரு பையில். ஏடிஎம்மோ கடைக் கருவியோ "உங்கள் நாட்டு நாணயத்தில் கழிக்கவா?" என்று கேட்டால் மறுத்துவிட்டு உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். மற்றதில் மாற்று விகிதம் பெரும்பாலும் உங்களுக்குப் பாதகமாகவே இருக்கும். ஊரில் நம்பிக்கையான ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக்கொடுங்கள். ஓய்வூதியத்துக்கு உயிர்ச்சான்று கேட்கும் நாட்டவர் என்றால் அந்த மாதத்தைக் குறித்துவையுங்கள். இரண்டு ஒருவழி விமான டிக்கெட்டுக்கான தொகை எப்போதும் தொடாமல் கிடக்கட்டும்.

வீட்டுக்குள் நுழைந்த முதல் வாரம்

ஊழியத்தைத் தொடங்க மனம் துடிக்கும். ஆனாலும் முதல் வாரத்தை வீட்டுக்குக் கொடுங்கள்.

முதலில் குளியலறை. வயதானவர்கள் வழுக்கி விழும் ஆபத்து அங்கே அதிகம். வழுக்காத பாய், சுவரில் துளையிட்டு இறுக்கிய கைப்பிடி, படுக்கையிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு ஆகியவை வேண்டும். உறிஞ்சி ஒட்டும் கைப்பிடியை நம்பாதீர்கள், உடல் எடை விழுந்தால் கழன்றுவிடும். எரிவாயு வெந்நீர்க் கருவி குளியலறைக்கு உள்ளேயே இருந்தால், புகை வெளியே போகும் குழாயும் காற்று வரும் வழியும் சரியாக உள்ளனவா என்று ஆள் வைத்துப் பார்த்த பிறகே பயன்படுத்துங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது. அதற்கான அலாரம் ஒன்றைப் படுக்கையறைப் பக்கமும், புகை அலாரம் ஒன்றைத் தனியாகவும் மாட்டி, மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

குழாய்த் தண்ணீர் நம்பிக்கை இல்லாத இடத்தில், நன்றாகத் தளதளவென்று கொதித்த பிறகு ஒரு நிமிடம் வைத்திருக்க வேண்டும். 2,000 மீட்டருக்கு மேல் உள்ள ஊரானால் மூன்று நிமிடம். பல் துலக்கவும் ஐஸ்கட்டி செய்யவும் அதே தண்ணீர்தான். டெங்கு உள்ள ஊரில் வாளி, பூந்தொட்டித் தட்டு, குளிர்பெட்டியின் பின்தட்டு எதிலும் தண்ணீர் ஒரு வாரத்துக்கு மேல் தேங்க விடாதீர்கள். முட்டை கொசுவாக அதற்கு மேல் சில நாளே போதும். டெங்குக் கொசு பகலில் கடிக்கும், அதனால் இரவு வலை மட்டும் போதாது.

மின்கருவியின் அடியில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் பிளக் அடாப்டர் போதும். மூச்சுக்கருவியும் மடிக்கணினியும் பெரும்பாலும் அப்படித்தான். 120 மட்டும் போட்டிருக்கும் தலைமுடி உலர்த்தியை 230இல் செருகினால் புகைந்துவிடும். அதைக் கொண்டுபோக வேண்டாம், அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

அவசர எண்ணை எழுதிக் கதவில் ஒட்டுங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் அது 112. உங்கள் முகவரியை உள்ளூர் எழுத்தில் எழுதிய அட்டை ஆளுக்கொன்று சட்டைப்பையில் இருக்கட்டும். மருத்துவமனைக்குப் பகலில் ஒருமுறை போய், இரவு எந்த வாசல் திறந்திருக்கும், முன்பணம் கேட்பார்களா என்று விசாரித்து வாருங்கள்.

விசா, வதிவிட அட்டை, பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி மூன்றின் காலாவதித் தேதிகளையும் ஒரே தாளில் எழுதுங்கள். 1949 ஜெனீவா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையின்படி வழங்கப்படும் அனுமதி ஓராண்டுதான் செல்லும். 18 மாத ஊழியத்துக்கு அது போதாது, உள்ளூர் உரிமத்துக்கு நேரத்தோடு விண்ணப்பியுங்கள்.

வாரத்தின் ஓட்டம்

கிளையில் துணை நிற்பவர்களுக்கு ஞாயிறு மிகக் கனமான நாள். அதனால் திங்கள் காலையில் எதையும் வைக்காதீர்கள். துணி துவைக்க, காய்கறி வாங்க, கணக்கு எழுத ஒரு முழு நாளை ஆயத்த நாளாக ஒதுக்கிக் காப்பாற்றுங்கள். மாலைச் சந்திப்புகள் வாரத்துக்கு மூன்றைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் பொதுவாக இரண்டாம் மாதத்தில் தூக்கம் கெடும், மூன்றாம் மாதத்தில் பொறுமை கெடும். வேகத்தை இருவரில் மெதுவானவர் தீர்மானிக்கட்டும்.

ஊரில் ஆளுக்கொரு வேலை, நண்பர்கள், அறை என்று இருந்தவர்கள் இப்போது நாள் முழுக்க ஒரே சின்ன வீட்டில், ஒரே காரில். தினம் ஒரு மணி நேரமாவது தனிமை ஒருவருக்கொருவர் கொடுங்கள். அது அன்புக் குறைவு அல்ல. கூடவே, ஒருவர் செய்யும் வேலை மற்றவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கணவர் மட்டுமே கார் ஓட்டுவார், மனைவிக்கு மட்டுமே மருந்து தெரியும் என்றிருந்தால் ஒருவர் படுத்த அன்றே வீடு நின்றுவிடும்.

இளம் மிஷனரிகளின் வீட்டைப் பார்வையிடுதல்

இந்தப் பொறுப்பு மூத்த தம்பதிகளுக்கு அடிக்கடி வரும். இளம் மிஷனரிகளின் இடமாற்றம் பொதுவாக ஆறு வாரத்துக்கு ஒருமுறை நடக்கும். மாற்றம் நடக்கும் வாரத்தில் வீடு பெட்டியும் படுக்கையுமாகக் கிடக்கும் என்பதால் நடு வாரங்களில் போங்கள். முன்கூட்டிச் சொல்லிவிட்டே போங்கள். திடீரென்று போனால் அழுக்கை மறைக்கக் கற்றுக்கொள்வார்கள், சுத்தம் செய்யக் கற்றுக்கொள்ள மாட்டார்கள்.

பார்க்கும் வரிசை முக்கியம். முதலில் உயிருக்கு ஆபத்தானவை: அலாரங்கள், எரிவாயுக் குழாயில் வெடிப்பு, ஒரே நீட்டிப்புப் பலகையில் ஹீட்டரும் அடுப்பும், உள்ளிருந்து திறக்க முடியாத கதவு அல்லது ஜன்னல் கம்பி. அடுத்து நோய் தருபவை: தண்ணீர் வடிகட்டியை மாற்றிய தேதி, குளிர்பெட்டிக்குள் இருப்பவை, குளியலறைப் பூஞ்சை. பாத்திரத் தொட்டியும் கலைந்த படுக்கையும் கடைசிதான். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அரை மணி நேரம் பாத்திரத்துக்குப் பேசிவிட்டு அலாரத்தைப் பார்க்காமலே வந்துவிடுகிறார்கள்.

மெத்தையின் தையல் ஓரங்களைத் தூக்கிப் பாருங்கள். கருமையான புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி. அந்த வீட்டில் உங்கள் பையைக் கட்டில் மீதோ சோபா மீதோ வைக்காதீர்கள். துணிகளை 60 டிகிரியில் துவைத்து, நல்ல சூட்டில் அரை மணி நேரம் உலர்த்தச் சொல்லுங்கள். மருந்து அடிக்கும் ஆளை மிஷன் அலுவலகம் வழியாகவே கூப்பிடுங்கள். பிளீச்சிங் கரைசலைக் கழிப்பறை அமிலத்தோடு கலக்கக் கூடாது என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லுங்கள். கலந்தால் குளோரின் வாயு வரும். அதைச் சொல்லும்போதே ஜன்னலையும் திறந்து காட்டுங்கள்.

போகும்போது பேட்டரி, பல்பு, தரை துடைக்கும் துணி கையில் இருக்கட்டும், சூடாகச் சாப்பிட ஏதாவதும். பத்தொன்பது வயதுப் பிள்ளை முகம் வாடியிருந்தால் பட்டியலை மடித்து வைத்துவிட்டு உட்காருங்கள்.

கேட்கும் கைகள், தாங்கும் தோள்கள்

வெளிநாட்டவர் என்றால் பணம் உண்டு என்று நினைத்து உதவி கேட்பார்கள். உண்மையான தேவையோடு கேட்பவர்களே அதிகம். ஆனாலும் கையிலிருந்து எடுத்துக் கொடுக்காதீர்கள். உறுப்பினரின் தேவையைப் பார்க்கும் பொறுப்பு உள்ளூர்ச் சபையை நடத்தும் பிஷப்பிடமோ கிளைத் தலைவரிடமோ இருக்கிறது, உறுப்பினர்கள் உபவாசம் இருந்து கொடுக்கும் உபவாசக் காணிக்கை அதற்குத்தான். கேட்பவரை அவரிடம் அழைத்துப்போங்கள். நீங்கள் கொடுக்கத் தொடங்கினால் அடுத்து வரும் தம்பதியின் வாசலிலும் அதே வரிசை நிற்கும்.

அதேபோல் கிளையின் வேலையை நீங்களே செய்துவிடாதீர்கள். நாற்பது ஆண்டு அனுபவம் இருக்கும், அறிக்கையை பத்து நிமிடத்தில் முடித்துவிடுவீர்கள். உள்ளூர்ச் சகோதரிக்கு அது இரண்டு மணி நேரம் ஆகலாம். அந்த இரண்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதே உங்கள் வேலை.

பேரப்பிள்ளைகளும் வீட்டு நினைவும்

வாரம் ஒரு நிலையான நேரத்தில் அழையுங்கள். கோடை நேரத்துக்கு மாறும் நாடுகளில் ஆண்டுக்கு இருமுறை ஒரு மணி நேரம் நகரும். அதைக் கவனிக்காததால் தவறும் அழைப்புகள் நிறைய. சிறு பிள்ளைகளுக்கு ஐந்து நிமிடம் போதும், அதில் ஒரு கதையைப் பாதி வாசித்து அடுத்த வாரம் தொடருங்கள். பெற்றோருக்கு உடல்நிலை மோசமானால், ஒரு பிரசவம் வந்தால், ஒரு மரணம் வந்தால் யார் போவது, இருவருமா என்பதைப் புறப்படும் முன்பே பிள்ளைகளோடு பேசி எழுதிவையுங்கள். போக வேண்டி வந்தால் மிஷன் தலைவரிடம் அனுமதி கேட்கலாம்.

ஒப்படைப்பு

முடிய ஆறு வாரம் இருக்கும்போதே ஒரு கோப்பு தொடங்குங்கள். வீட்டுக்காரர் எண், குடிக்கூலி ஒப்பந்தம், மின்மீட்டர் எங்கே இருக்கிறது, எந்தக் குழாய் ஒழுகும், நம்பகமான பிளம்பர், உங்களுக்குப் புரியும் மொழி பேசும் மருத்துவர், யாரை எந்த நாளில் மருத்துவமனைக்கு அழைத்துப்போக வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். உறுப்பினர்களின் அந்தரங்கத்தை அதில் எழுதாதீர்கள், அது கிளைத் தலைவர் வாய்வழி சொல்ல வேண்டியது. சாவிகளை எண்ணிப் பெயர்ச்சீட்டு கட்டுங்கள். மீட்டர் அளவைத் தேதியோடு படம் எடுத்து மிஷன் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். குளிர்பெட்டியில் புதிய தம்பதிக்கு இரண்டு நாள் சாப்பாட்டுக்கு வேண்டியதை வைத்துவிட்டுப் பூட்டுங்கள்.