மாம்பழ ஜூஸ் நீர்த்துப் போகாமல் இருக்க

வெயில் காலத்தில் மாம்பழ ஜூஸ் போட்டால் முதல் இரண்டு மடக்குதான் ருசி. ஐஸ் கட்டி உருகியதும் மேலே தண்ணீர், அடியில் சக்கை. சர்க்கரையைக் கூட்டிப் பார்த்தேன், திகட்டியதுதான் மிச்சம்.

இப்போதெல்லாம் ஐஸ் கட்டியே போடுவதில்லை. நன்கு கனிந்த பழத்தைத் தோல் சீவித் துண்டு போட்டு, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி ஃப்ரீசரில் வைத்துவிடுவேன். இறுகியதும் ஒரு கப் துண்டுக்கு முக்கால் கப் குளிர்ந்த தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு, அரை ஸ்பூன் எலுமிச்சைச் சாறு. மிக்ஸியை விட்டு விட்டு ஓட்ட வேண்டும். உருகினாலும் அது மாம்பழம்தானே, நீர்க்க வழியில்லை.

நார்ப் பழமா? முதலில் கூழாக அடித்து, வடிகட்டியில் கரண்டியின் பின்பக்கத்தால் தேய்த்தால் மஞ்சள் நார் மட்டும் மேலே சுருண்டு நிற்கும். இறங்கிய கூழை ஐஸ் ட்ரேயில் ஊற்றி உறைய வையுங்கள். காம்புப் பக்கத்தைக் கொஞ்சம் தாராளமாகவே வெட்டி எறியலாம். பால் அங்கேதான் அதிகம்.

இனிப்பை மட்டும் கடைசியில், குளிர்ச்சியாகக் குடித்துப் பார்த்துச் சேருங்கள். சில்லென்று இருக்கும்போது நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் தெரியும். தண்ணீருக்குப் பதில் பால் என்றால் எலுமிச்சையை விட்டுவிடுங்கள், திரிந்துவிடும்.