மார்ச்சிங் பேண்ட் இயக்குநராக வேண்டுமா? முதலில் மைதானத்தின் ஓரத்துக்குப் போங்கள்

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் மார்ச்சிங் பேண்டின், அதாவது மைதானத்தில் நடந்தபடியே வாத்தியம் வாசிக்கும் இசைக்குழுவின், துணை இயக்குநராக இருக்கிறேன். இந்த வேலைக்கு என்ன படிக்க வேண்டும் என்று நம் ஊர்ப் பிள்ளைகள் கேட்கிறார்கள். அது நேரான பாதைதான். இசைக் கல்வியில் இளநிலைப் பட்டம், ஹைஸ்கூலில் சில ஆண்டுகள் பேண்ட் ஆசிரியர் வேலை, அப்புறம் கண்டக்டிங்கில், அதாவது இசைக்குழுவை வழிநடத்தும் கலையில், முதுநிலை. முதுநிலை படிக்கும்போதே அங்குள்ள பேண்டில் உதவியாளராகச் சேர்ந்துவிடுங்கள். பல இடங்களில் முனைவர் பட்டமும் கேட்பார்கள்.

காது பழகத்தான் நாளாகும்.

என் முதல் ஆகஸ்ட் முகாமில், இடது 20 யார்டு கோட்டில் நின்ற ட்ரம்பெட்காரர்கள் பின்தங்கிக்கொண்டே இருந்தார்கள். பயிற்சியை மேற்பார்வையிடும் கோபுரத்தின் மேலிருந்து மைக்கில் மூன்று முறை கடிந்துகொண்டேன். நான்காவது முறை இறங்கிப் போய் ஒரு பையன் பக்கத்தில் நின்றேன். காதில் விழுந்த தாளத்தோடு அவன் இம்மி பிசகாமல் ஊதிக்கொண்டிருந்தான். தாளம்தான் அவனிடம் தாமதமாக வந்தது.

ட்ரம் லைன், அதாவது ட்ரம் வாசிப்பவர்களின் வரிசை, நின்றது வலது 30இல். அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் யார்டு கோடுகளை இரு முனைகளிலிருந்தும் நடுவிலுள்ள 50 வரை எண்ணுவார்கள். ஆக இடையில் 50 யார்டு, ஏறக்குறைய 46 மீட்டர். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும், ஆக 0.13 நொடி. நிமிடத்துக்கு 150 தட்டு ஓடும் பாட்டில் ஒரு தட்டே 0.4 நொடி. அதில் மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே போய்விட்டது. எல்லோர் முன்னாலும் அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

சரி, என்ன செய்வது? ட்ரம் லைனை நடுவில், பின்பக்கமாக நிறுத்துங்கள். அவர்களுக்கு நேர் முன்னால் நிற்பவர்கள் பின்னாலிருந்து வரும் சத்தத்தோடு சேர்ந்து ஊதட்டும். இரண்டும் ஒன்றாகவே கேலரியைச் சேரும். ஓரத்தில் நிற்பவர்கள் காதை விட்டுவிட்டு, முன்னால் நின்று கையசைத்துத் தாளம் காட்டும் ட்ரம் மேஜரின் கையைப் பார்க்கட்டும். ட்ரம் மேஜர், ட்ரம் லைனின் நடுவில் ஸ்னேர் ட்ரம் வாசிப்பவரின் காலைப் பார்த்துத் தாளம் போடட்டும்.

வாயால் சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு, 5 யார்டுக்கு 8 காலடி, ஒரு காலடிக்கு 22.5 அங்குலம் என்று நடந்தபடியே ட்ரம் மேஜரின் கைக்குக் கைதட்டச் சொல்லுங்கள். ஓரத்தில் நிற்பவர்கள் தப்பாகக் கேட்கிறது என்பார்கள். அவர்களைப் பத்துப் பத்துப் பேராகக் கேலரிக்கு அனுப்பி, மற்றவர்கள் தட்டுவதைக் கேட்கச் சொல்லுங்கள். ஒரே தட்டாகக் கேட்டதும் அந்த முகங்கள் மாறுவதைப் பார்க்க வேண்டும்!

வேலைக்கான தேர்வில் ஒரு பயிற்சியை நடத்தச் சொல்வார்கள். பாதி நேரமாவது கோபுரத்திலிருந்து இறங்கி, கடைசிக் கோடு வரை நடந்துவிட்டு வாருங்கள்.